ஹீப்பைக் கூட்டியாச்சு, அப்புறம்? ஜாவா சர்வர் கேள்வி-பதில்

பழைய மெஷினில் சமர்த்தாக ஓடிய சர்வர், புது இடத்துக்குப் போனதும் அடம் பிடிக்கிறது. வந்த கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட இதுதான். எழுதியவர்களில் பலரும் முதலில் செய்த வேலையும் ஒன்றே: எக்ஸ்எம்எக்ஸ் மதிப்பை, அதாவது ஜாவா தன் டேட்டாவை வைக்கும் ஹீப் என்ற மெமரிப் பகுதியின் உச்ச அளவை, கூட்டியது.

ஜாவா 8-இலிருந்து 17-க்கு மாறினோம். ‘குட் நாட் கிரியேட் த ஜாவா விர்ச்சுவல் மெஷின்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. மெமரி போதவில்லையா?

மெமரிக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை. அந்த வரியை விடுங்கள், அதற்கு மேல் வரியைப் படியுங்கள். ‘அன்ரெகக்னைஸ்டு விஎம் ஆப்ஷன்’ என்று ஒரு ஃப்ளாகின் (ஜாவாவைத் தொடங்கும்போது கூடவே தரும் அமைப்பு) பெயர் இருக்கும், பெரும்பாலும் மேக்ஸ்பெர்ம்சைஸ். அந்த ஃப்ளாக் எல்லை வைத்த பெர்ம்ஜென் என்ற மெமரிப் பகுதி 2014-இல் ஜாவா 8 வந்தபோதே போய்விட்டது. ஆனால் 8 அந்த ஃப்ளாகைப் பார்த்தால் ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடும், அந்த எச்சரிக்கையை இத்தனை வருடமாக யாரும் படித்திருக்க மாட்டோம். 17 அப்படி விடாது. அதை எடுத்ததும் அடுத்தது தலைகாட்டும்: ஜிசி (வேண்டாத மெமரியைத் துப்புரவு செய்யும் வேலை) லாகில் தேதி போடச் சொல்லும் பழைய ஃப்ளாக், அப்புறம் அந்தத் துப்புரவைச் செய்துவந்து 14-இல் நீக்கப்பட்ட சிஎம்எஸ் கலெக்டரின் ஃப்ளாக். ஒவ்வொரு முறையும் முழு அப்ளிகேஷனையும் ஏற்றிக்கொண்டிருக்காமல், அதே ஃப்ளாக்குகளோடு ஜாவாவை வெர்ஷன் மட்டும் கேட்டு ஓட்டுங்கள்; தகராறு எங்கே என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரியாத ஃப்ளாகைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லவும் ஒரு ஃப்ளாக் இருக்கிறது. வைக்காதீர்கள், நாளைக்கு எழுத்துப்பிழையும் அதில் மறைந்துபோகும்.

கன்டெய்னருக்கு (அப்ளிகேஷனைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) 4 ஜிபி, எக்ஸ்எம்எக்ஸும் 4 ஜிபி. சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது, லாகில் அவுட் ஆஃப் மெமரி என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

வெளியேறும் கோடு 137-ஆ என்று பாருங்கள். 128-ஓடு, ‘கொல்’ என்ற சிக்னலின் எண் 9, அதாவது வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில் அது லினக்ஸின் மையமான கர்னலாகத்தான் இருக்கும். செத்தவன் லாக் எழுத முடியாது, அதனால்தான் அந்த அமைதி. எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஹீப்புக்கு மட்டும்தான் எல்லை. மெட்டாஸ்பேஸ், ஜேஐடி கோடு, டைரக்ட் பஃபர், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (தனித்தனியாக ஓடும் வேலை இழை) 64 பிட் லினக்ஸில் 1 எம்பி வரை ஸ்டாக், இதெல்லாம் அதற்கு வெளியே. நாலு பேர் படுக்கும் அறையில் ஹீப் ஒருவனே கைகால் நீட்டிப் படுத்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? எக்ஸ்எம்எக்ஸை எடுத்துவிட்டு மேக்ஸ்ரேம்பெர்சன்டேஜை (மெமரியில் ஹீப்புக்கு எத்தனை சதவீதம்) 70 என்று வைத்துக் கவனியுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் எக்ஸ்எம்எக்ஸ்தான் ஜெயிக்கும். ஒன்றுமே வைக்காவிட்டால் கால் பங்குதான் ஹீப்புக்குப் போகும், அதுவும் வீண். ஜாவா 8-இலேயே இருப்பவர்கள் அது 8யு191 என்ற அப்டேட்டுக்கு முந்தியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழையது கன்டெய்னரின் எல்லையைப் பார்க்காமல், முழு மெஷினும் தனக்குத்தான் என்று கணக்குப் போடும்.

‘அனேபிள் டு கிரியேட் நேட்டிவ் த்ரெட்’ வருகிறது. ஹீப்பை இரட்டிப்பாக்கியும் மாறவில்லை.

மாறாது. அவுட் ஆஃப் மெமரி எர்ரரில் முக்கால்புள்ளிக்குப் பிறகு வருவதுதான் விஷயம், அதற்கு முன்னால் இருப்பது எல்லோருக்கும் பொதுவான குடும்பப் பெயர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்னொரு த்ரெட் தர மறுக்கிறது, அவ்வளவுதான். யூலிமிட், சிஸ்டம்டி-யில் டாஸ்க்ஸ்மேக்ஸ், கன்டெய்னரின் பிஐடி எல்லை, த்ரெட் எண்ணிக்கைக்கு எல்லை வைக்கும் இந்த மூன்றையும் பாருங்கள். ஆனால் எல்லையைக் கூட்டும் முன் ஓடும் த்ரெட்டுகளைப் பட்டியல் போடும் ஜேஸ்டாக் ஒன்று எடுத்து, ஒரே மாதிரிப் பெயரில் நூற்றுக்கணக்கான த்ரெட் நிற்கிறதா என்று எண்ணிவிடுங்கள். அப்படி நின்றால் கோளாறு உங்கள் கோடில்தான், யாரோ ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது த்ரெட் பூல் திறந்து மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

64 ஜிபி மெஷின் கிடைத்தது. ஹீப்பை 31-இலிருந்து 34 ஜிபி ஆக்கினோம், முன்பைவிடச் சீக்கிரம் நிரம்புகிறது!

32 ஜிபியைத் தாண்டினால் ஜாவா சுருக்கிய பாயின்டர்களை (ஆப்ஜெக்ட் மெமரியில் எங்கே இருக்கிறது என்ற ரெஃபரன்ஸ்) கைவிட்டுவிடும், ஒவ்வொரு ரெஃபரன்ஸும் 4 பைட்டிலிருந்து 8 ஆகிவிடும். 31-க்கே திரும்புங்கள்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினோம். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது, ‘பேட் இன்டர்பிரெட்டர்’ என்கிறது.

இதில் நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன், ஜாவாவை மூன்று முறை மாற்றி நிறுவினேன். கோளாறு கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து. விண்டோஸ் எடிட்டர் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கேரேஜ் ரிட்டர்னை (வரி முடிவுக் குறி) ஒட்டிவிடும், லினக்ஸ் அதையும் ஸ்கிரிப்டை ஓட்டும் புரோகிராமான இன்டர்பிரெட்டரின் பெயரோடு சேர்த்தே தேடும். அந்த எழுத்தை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினால் போதும். அப்படியே கான்ஃபிக் ஃபைல்களின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அடுத்த எர்ரர் அங்கேதான் காத்திருக்கும்.

டாம்கேட் 9 என்ற ஜாவா வெப் சர்வரில் ஓடிய வார் ஃபைல் (அப்ளிகேஷனைக் கட்டி வைத்த ஃபைல்) 10-இல் கிளாஸ் இல்லை என்கிறது.

ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ் பெயர்கள் 10-இல் ஜகார்த்தா ஆகிவிட்டன. பெயரை மாற்றிக் கம்பைல் செய்யுங்கள், சோர்ஸ் கையில் இல்லையென்றால் டாம்கேட்டே ஒரு மைக்ரேஷன் டூல் தருகிறது. ஹீப்பைத் தொட வேண்டாம்.