பாட்டு கேட்டா குறையற வலி பொய் வலியா?

வணக்கம் சார். நாலு வருஷமா முதுகுவலி. ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லன்னுட்டாங்க. மாத்திரையோட சேர்த்து ஹிப்னாஸிஸும் (பேச்சால மனச ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோற முறை) பாருங்க, படுக்கறப்ப பாட்டு கேளுங்கன்னு டாக்டர் சொன்னாங்க, கொஞ்சம் குறையுது. ஆனா மாமியார் "பாட்டுக்கு அடங்கற வலியெல்லாம் ஒரு வலியா"ன்னு கேக்கறாங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு.
– ஒரு வாசகி

வணக்கம்மா,

உங்க வலி நெஜம். அதுல சந்தேகமே வேணாம்.

1845ல வங்காளத்துல ஹூக்ளில எஸ்டெய்ல்னு ஒரு ஸ்காட்லாந்து சர்ஜன், மயக்க மருந்தே வராத காலம், ஹிப்னாஸிஸுக்கு முன்னோடியா அப்ப மெஸ்மெரிசம்னு சொன்ன முறைல ஆளுங்கள ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோய் பெரிய பெரிய கட்டியெல்லாம் அறுத்து எடுத்தாரு. கத்தி பொய்யா, கட்டி பொய்யா?

1997ல கனடாவுல மான்ட்ரியல்ல ரெயின்வில்ங்கற ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் இன்னும் தெளிவா காட்டிட்டாங்க. ஹிப்னாஸிஸ்ல இருக்கறவங்க கைய 47 டிகிரி சுடுதண்ணில வெச்சு, இந்த வலி பெருசா படுத்தலன்னு ஒரு தடவ, ரொம்பப் படுத்துதுன்னு ஒரு தடவ சொல்லி மூளைய ஸ்கேன் எடுத்தாங்க. தண்ணி அதே சூடுதான், ஆனா வலி நம்மள எவ்வளவு வாட்டுதுங்கறதோட சம்பந்தப்பட்ட ஆன்டீரியர் சிங்குலேட்ங்கற பகுதி மட்டும் சொன்ன பேச்சுக்கு ஏத்தமாதிரி ஏறி இறங்குச்சு. உங்க மாமியார்கிட்ட இந்த சுடுதண்ணி கதைய சொல்லுங்க, பொறுமையா.

பாட்டு விஷயத்துல ரொம்ப எதிர்பாக்காதீங்க. 2006ல மருத்துவ ஆய்வுகள அலசற காக்ரேன்ங்கற அமைப்புக் காரங்க நெறைய ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல வலி பத்துக்கு அரை புள்ளி அளவுதான் குறைஞ்சுது, அதுவும் பாதிக்கு மேல ஆபரேஷன் மாதிரி திடீர் வலிகள்ல. ஆனா ராத்திரி புரண்டு புரண்டு படுக்கறவங்களுக்கு அந்த அரையும் பெருசும்மா. யூட்யூப்ல வலி நிவாரண இசைன்னு போட்டுருக்கறத தேட வேணாம், உங்களுக்குப் புடிச்ச பழைய பாட்டே போதும்.

ஹிப்னாஸிஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிக்காது, சிலர் சட்டுனு உள்ள போயிடுவாங்க, சிலர் கண்ண மூடிட்டு நாளைக்கு இட்லிக்கு ஊறப்போடணுமேன்னு யோசிப்பாங்க. பயிற்சி எடுத்த டாக்டர் இல்ல சைக்காலஜிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டு வீட்ல நீங்களே தினம் செய்யுங்க: மூச்ச மெதுவா விட்டு, முதுகுல வெதுவெதுப்பா ஒத்தடம் குடுக்கற மாதிரி நெனச்சு, அந்த சூடு இடுப்பு வரைக்கும் எறங்கட்டும். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. கால் மரத்துப்போனாலோ யூரின் கன்ட்ரோல் இல்லாம போனாலோ ஹெட்போன கழட்டி வெச்சுட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.