ஜூனோ-106: இரண்டு குரல் போயிருந்தால் என்ன விலை?
பழுதான ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசருக்கு (மின்னணுக் கீபோர்டு) என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்; ஆறு குரலில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஆறு சுரத்துக்கான சர்க்யூட்டுகளில், இரண்டு வருவதில்லை என்கிறீர்கள். 1984-இல் வந்த இந்தக் கருவிக்கு அது வழக்கமான நோய்தான். குரலுக்கு ஒன்றாக இருக்கும் 80017ஏ சிப்பின் மேல்பூச்சு நாளாக ஆகக் கெட்டுவிடும். இன்று இரண்டு என்றால் அப்புறம் மூன்றாவதும் போகலாம். அதனால் ஆறு மாற்றுச் சிப்பின் விலையையும் ரிப்பேர் கூலியையும், நன்றாக ஓடும் ஒன்றின் விலையிலிருந்து கழியுங்கள். உங்கள் அலைச்சலுக்கும் கொஞ்சம் கழியுங்கள். மிச்சத்துக்கு மேல் ஒரு பைசா தர வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுங்கள். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் எந்தக் குரலின் முறை என்று திரையில் எண் வரும்; எண் வந்தும் சத்தம் வராவிட்டால் அந்தக் குரல் போய்விட்டது. "சின்ன ஃபால்ட்தான், ஈஸியா சரி பண்ணிடலாம்" என்று விற்பவர் சொன்னால், சரி பண்ணியே விற்கச் சொல்லுங்கள்.