வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். உணவுப் பொதிகளின் சுட்டுத்துண்டு (லேபல்), போசணைக் கொள்கை சார்ந்த அரச பணிக்கு வழி என்ன? – வாசகி, கோண்டாவில்

பதில்: இத்துறையை நீங்களாகவே விரும்பிக் கேட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. கடையில் ஒரு மென்பானப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அதில் சிவப்புக் குறியீடு இருக்கும். 2016இல் நடைமுறைக்கு வந்த அக்குறியீட்டின் பின்னால், எல்லையை வகுத்த போசணை நிபுணர்களும், அதனை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதியாக்கிய சுகாதார அமைச்சின் அதிகாரிகளும், கடைகடையாகச் சென்று கண்காணிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இருக்கின்றனர். கொள்கை வகுப்பதில் நாட்டமெனில், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் நல்ல தொடக்கமாகும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இப்போதே பழகுங்கள். வரைவுகள் எழுதப்படும் மேசையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.