வரியைக் குறைத்தும் நாடு ஏன் நொடிந்தது?

"வரி குறைந்தால் மக்கள் கையில் காசு புழங்கும், வியாபாரம் வளரும் என்பார்களே, 2019 இல் குறைத்தும் இலங்கை ஏன் வங்குரோத்தானது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளரும்தான், அரசு தன் செலவுக்கு வழி வைத்திருந்தால். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி (வற்) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. சம்பளமோ ஓய்வூதியமோ கடன் வட்டியோ குறையவில்லை. அடுத்த ஆண்டே கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்தது. துண்டு விழுந்ததை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. பொருள் கூடாமல் காசு மட்டும் கூடினால் விலைதான் ஏறும். டொலரும் தீர்ந்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தினோம்.

பிறகு எல்லாம் தலைகீழ். 2024 இல் வற் 18 சதவீதம். ஆனால் திருகோணமலைக் கரையில் அதற்கு முன்பே சுட்டது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. நட்டத்துக்கு விற்று அரசு தாங்கிய சுமை மீனவர் தலையில் இறங்கியது. சிறு படகுகளின் எஞ்சின் ஓடுவது அதில்தான். எண்ணெய்க் காசு கூடினால் கடலுக்குப் போகும் நாள் குறையும், சந்தையில் மீன் விலையும் ஏறும்.

செலவைக் குறைக்காமல் தீராது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரே இரவில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்பது அநியாயம். முதலில் சிறு மீனவருக்கு நேரடி மானியம் கொடுத்துவிட்டு விலையைப் படிப்படியாக ஏற்றியிருக்க வேண்டும்.