சாஸ்திரிகள் கையில் எதைக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளை வைத்துக் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறோம். குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்ற காணிக்கைகளோடு வந்த சாஸ்திரிகள் கையில், ஒவ்வொரு வருஷமும் ஜிகினாக் காகிதம் ஒட்டிய மூன்று டப்பாக்கள்தான் இருக்கும். இந்த முறை உண்மையான தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொடுக்க ஆசை. எங்கே கிடைக்கும்? அந்த வேடத்தை ஐந்து பிள்ளைகள் கேட்கிறார்கள். மூன்று பேருக்கு மேல் போடலாமா?

பதில்: நல்ல ஆசை, சகோதரி. முதலில் கடைக்குப் போய்விடுவோம். இரண்டுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பெயரைத்தான் சரியாகச் சொல்ல வேண்டும்.

வெறுமனே 'போளம்' என்று கேட்காதீர்கள். கரியபோளத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடக்கூடும். அது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. வெள்ளைப்போளம், அரேபியாவின் தென்பகுதியிலும் சோமாலியாவிலும் வளரும் ஒரு முள்மரத்தின் பிசின். பெயரில்தான் வெள்ளை. கையில் வாங்கிப் பார்த்தால் செம்பழுப்புக் கட்டிகளாக, மேலே தூசி படிந்தாற்போல் இருக்கும். ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே எண்ணெய்ப் பளபளப்பும், மருந்தும் மண்ணும் கலந்த வாசனையும். கசப்பு மிகக் கடுமை. பிள்ளைகள் முகர்ந்து பார்க்கட்டும், வாயில் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாத மருந்து என்பதையும் ஆசிரியைகளிடம் சொல்லிவையுங்கள்.

தூபவர்க்கத்தில்தான் குழப்பம் அதிகம். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'சாம்பிராணி' என்று இருக்கும். ஆனால் நம் வீடுகளில் புகை போடும் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்ராப் பக்கத்து மரத்தின் பிசின். கப் சாம்பிராணியோ கரித்தூளும் வாசனையும் சேர்த்துச் செய்வது. நீங்கள் கேட்க வேண்டியது குந்திரிக்கம். பறங்கிச்சாம்பிராணி என்றாலும் கடைக்காரருக்குப் புரியும். வெளிர்மஞ்சள் நிறத்தில், இறுகிப்போன கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். ஓமானின் தோஃபார் மலைச்சரிவுகளில் இன்றும் பட்டையைக் கீறிவிட்டு, வடியும் பால் வெயிலில் இறுகும்வரை காத்திருந்து சுரண்டி எடுக்கிறார்கள். நம் கடைகளில் வருவது பெரும்பாலும் இந்தியக் காடுகளில் வளரும் அதன் ஒன்றுவிட்ட சகோதரன். நாடகத்துக்கு அதுவே போதும். ஐம்பது கிராம் வாங்கினால் மிஞ்சும். மேடையில் தணல் வேண்டாம்; வீசிங் உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். ஒத்திகை நாளில் திறந்த வெளியில் பெரியவர் ஒருவர் நான்கு துளி போட்டுக் காட்டினால் போதும்.

ஐந்து பேர் தாராளமாக வரட்டும். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தைத் தவிர வேறெந்தச் சுவிசேஷத்திலும் சாஸ்திரிகள் இல்லை. அங்கேயும் எண்ணிக்கை சொல்லப்படவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள். ரோமாபுரியின் பழைய நிலவறைக் கல்லறைச் சுவர்களில் இரண்டு பேராகவும் நான்கு பேராகவும் வரைந்திருக்கிறார்கள். சீரிய மொழி பேசிய கிழக்குச் சபைகளில் பன்னிரண்டு பேர் என்றே ஒரு மரபு உண்டு. கேட்கிற பிள்ளையை அழவிட வேதத்தில் காரணம் இல்லை.

கிரீடமும் கட்டாயம் இல்லை. மூலத்தில் உள்ள 'மாகோய்' என்ற கிரேக்கச் சொல், நட்சத்திரம் பார்க்கிற பாரசீக அறிஞர்களை நினைவூட்டுவது. 'சாஸ்திரிகள்' என்ற நம் பழைய மொழிபெயர்ப்பு இதற்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 'ராஜாக்கள்' என்பது பழைய ஏற்பாட்டின் 72-ஆம் சங்கீதத்தையும் ஏசாயா 60-ஐயும் சேர்த்து வாசித்ததில் பின்னால் வந்தது. ஒட்டகமும் அந்த ஏசாயாவிலிருந்துதான். இத்தாலியின் ராவென்னா நகர ஆலயத்தில் 6-ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்று இருக்கிறது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் அதில் தலைக்கு மேல் எழுதப்பட்டிருக்கின்றன. தலையிலோ கிரீடம் இல்லை. முனை மடிந்த சிவப்புத் தொப்பியும், பூவேலை செய்த இறுக்கமான காற்சட்டையும்தான். அதைப் பார்த்துத் தைக்கச் சொல்லுங்கள், அட்டைக் கிரீடத்தைவிட அழகாக இருக்கும்.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் அவசியம் செய்யுங்கள். மேய்ப்பர்கள் வந்தது, குழந்தையைக் கிடத்தியிருந்த முன்னணைக்கு. அது லூக்கா சொல்வது. சாஸ்திரிகள் 'வீட்டுக்குள்' போனதாக மத்தேயு எழுதுகிறார். குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்ததைப் பார்த்தால், மாதங்கள் கடந்திருக்கலாம். ஆகவே மேய்ப்பர் காட்சி முடிந்ததும் திரையை மூடி, வைக்கோலை எடுத்துவிட்டு ஒரு பாய் விரியுங்கள். மரியாள் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கட்டும். ஆலயத்தில் குடில் வைத்திருந்தால், சாஸ்திரிகளின் உருவங்களைத் தூரத்தில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்தி, சாஸ்திரிகளின் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6 அன்று கொண்டுவந்து சேர்க்கலாம்.

பொன்னுக்கு ஜிகினாவே இருக்கட்டும். நீங்கள் சிரமப்பட வேண்டியது வெள்ளைப்போளத்துக்கு. ஏசாயா 60-இல் பொன்னும் தூபவர்க்கமும் இருக்கின்றன, வெள்ளைப்போளம் இல்லை. மத்தேயு அதைச் சேர்த்துச் சொல்கிறார். பொன் ராஜாவுக்கு, தூபம் தெய்வத்துக்கு, வெள்ளைப்போளம் மரிக்கப்போகிறவருக்கு என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா இரேனேயு விளக்கிவிட்டார். அந்தக் கசப்பு வாசனையை அறியாத பிள்ளைக்கு இந்த விளக்கம் வெறும் மனப்பாடம். ஒருமுறை நான் கட்டியை உடைத்து நீட்டியபோது, எட்டு வயதுப் பையன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு யாராவது இதைக் கொடுப்பாங்களா, சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் வாங்கச் சொல்கிறேன்.

நாடகம் முடிந்ததும் மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். சிலுவையண்டையில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு என்பவன் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தான் என்கிறார் யோவான். பெரிய வெள்ளியன்று அந்த வசனங்களை வாசிக்கும்போது அதே டப்பாவைத் திறந்து, அதே பிள்ளைகளிடம் நீட்டுங்கள்.