‘ரூம்’ என்றால் எப்போதும் அறைதானா?

கேள்வி: என் பணி மதிப்பீட்டில் மேலாளர் ‘தேர் இஸ் ரூம் ஃபார் இம்ப்ரூவ்மென்ட்’ என்று எழுதியிருக்கிறார். ‘ரூம்’ என்றால் அறை என்றே படித்திருக்கிறேன். இங்கே அதற்கு என்ன பொருள்? ‘எ ரூம்’ என்று எழுதாதது பிழையா?

பதில்: பிழையன்று; அங்கே ‘எ’ சேர்த்திருந்தால்தான் பிழையாகியிருக்கும். ‘ரூம்’ என்ற சொல், எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லாக வரும்போது அறையையும், எண்ண முடியாத பெயர்ச்சொல்லாக வரும்போது இடத்தையும் குறிக்கிறது. உங்கள் மேலாளர் சொல்வது, இன்னும் மேம்பட இடமிருக்கிறது என்பதே.

இவ்விரண்டில் மூத்த பொருள் இடம்தான். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பரந்த வெளியையும் இடத்தையும் குறித்தது. வீட்டுக்குள் சுவரெழுப்பிப் பிரித்த பகுதிக்கு அது பெயரானது 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில், விருந்துகளில் முதன்மையான இருக்கைகளை விரும்புவோரைப் பற்றிப் பேசும் மத்தேயு 23ஆம் அதிகாரம், அந்த இருக்கைகளையே ‘ரூம்ஸ்’ என்கிறது. இன்றைய வழக்கில் அந்தப் பன்மை அறைகளை மட்டுமே குறிக்கும் என்பதால், பழைய நூல்களைப் படிக்கும்போது சற்றுக் கவனம் தேவை.

ஓரெழுத்து வேறுபாடு எவ்வளவு தூரம் பொருளை மாற்றிவிடும் என்பதற்கு இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘டூ யூ ஹேவ் ரூம் ஃபார் ஒன் மோர்?’ என்று காரின் கதவருகே நின்று ஒருவர் கேட்டால், இன்னொருவர் உட்கார இடமிருக்கிறதா என்கிறார். ‘டூ யூ ஹேவ் எ ரூம் ஃபார் ஒன் மோர்?’ என்று விடுதியின் வரவேற்பு மேசையில் கேட்டால், கூடுதலாக வந்தவருக்கு ஓர் அறை வேண்டும் என்கிறார். ஐயம் எழும்போது, அந்த இடத்தில் ‘டூ ரூம்ஸ்’ (இரண்டு அறைகள்) என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் பொருள் தந்தால் அது அறை. பொருள் கெட்டால் அது இடம். ‘எ’ இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏனெனில், கதவில் எழுதிய ‘ரூம் 12’ போன்ற எண்ணிட்ட பெயர்களில் ‘எ’ வராது. ஆயினும் அவை அறைகளே.

கூட்டுச்சொற்களும் இப்படியே பிரிகின்றன. பெட்ரூம், கிளாஸ்ரூம் ஆகியவை அறைகள். லெக்ரூம் என்பது கால் நீட்டக் கிடைக்கும் இடம். ஹெட்ரூம் என்பது தலைக்கு மேல் எஞ்சும் உயரம். ஒலிப்பதிவாளர்கள் ஒலி சிதையத் தொடங்கும் அளவுக்கும் தாம் பதிவு செய்யும் அளவுக்கும் நடுவே விட்டுவைக்கும் இடைவெளியையும் ஹெட்ரூம் என்றே அழைக்கிறார்கள்.

அறையில் கூடியிருக்கும் ஆட்களையும் இச்சொல் குறிக்கும். ‘த ஹோல் ரூம் லாஃப்ட்’ என்றால் அங்கிருந்த அனைவரும் சிரித்தார்கள் என்று பொருள். ‘ரீட் த ரூம்’ என்பது அவையின் மனநிலை அறிந்து நடந்துகொள்ளச் சொல்வது.

தமிழர்களுக்கு ‘இடம்’ என்ற பொருள் உண்மையில் கடினமானதே அன்று. ‘நோ ரூம் ஃபார் டவுட்’ என்பது நாம் நாள்தோறும் எழுதும் ‘ஐயத்துக்கு இடமில்லை’. ‘மேக் ரூம்’ என்பது ஒதுங்கி இடம் விடுவது. ‘இடம்’ என்ற சொல் பொருந்தும் பெரும்பாலான வாக்கியங்களில் ‘எ’ வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மதிப்பீட்டுக்கு வருவோம். அத்தொடர் குறையை மென்மையாகச் சுட்டும் அலுவலக வழக்கு. ‘ரூம்’ என்பதற்கு முன் ‘சம்’ இருந்தால் குறை சிறிது, ‘எ லாட் ஆஃப்’ இருந்தால் பெரிது. வெறும் ‘ரூம்’ அளவைச் சொல்லாமல் விடுகிறது என்பதால், எந்தப் பணியில் மேம்பாட்டை எதிர்பார்க்கிறார் என்று மேலாளரிடமே நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.