முனைவுள்ளதா, முனைவற்றதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு இரண்டிலும் நடு அணுவின் இருபுறமும் ஒரே அணுதானே சார்? ஏன் ஒன்று மட்டும் முனைவுள்ளது?

ஒரு மூலக்கூறின் ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின்னாகவும் மறுபக்கம் கொஞ்சம் எதிர்மின்னாகவும் இருந்தால் அது முனைவுள்ளது; தண்ணீர் அப்படி, கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. வடிவம்தான் காரணம். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு. இரண்டு ஆக்சிஜனும் பிணைப்பு எலக்ட்ரான்களை எதிரெதிரே சம பலத்தில் கயிறு இழுப்பதுபோல் இழுக்கின்றன, கயிறு அசையாது. தண்ணீரில் ஆக்சிஜன்மேல் இரண்டு தனித்த இரட்டைகள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) உட்கார்ந்து பிணைப்புகளை நெருக்குவதால் கோணம் 104.5 பாகை. இரண்டு இழுப்பும் ஒரு பக்கமாகச் சேர்ந்து 1.85 டெபை (முனைவை அளக்கும் அலகு) வருகிறது.

டைகுளோரோமீத்தேனை வரைந்தேன். குளோரினுக்கு எதிரே குளோரின், ஹைட்ரஜனுக்கு எதிரே ஹைட்ரஜன். எல்லாம் ரத்தாகிறதே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் தப்பு உங்களுடையதல்ல, நோட்டுடையது. தாள் தட்டை, மூலக்கூறு நான்முகி. ஒரு களிமண் உருண்டையில் நான்கு தீக்குச்சிகளை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும்படி குத்துங்கள். எந்த இரண்டு குச்சியும் நேர் எதிரெதிரே வராது; இடையில் சுமார் 109 பாகைதான். ஏதாவது இரண்டின் நுனியில் மை தடவி, அவைதான் குளோரின் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டில் தடவினாலும், உருண்டையை எப்படித் திருப்பினாலும், மை ஒரு பக்கமாகத்தான் இருக்கும். அதனால்தான் 1.6 டெபை. நான்கிலும் மை தடவினால் கார்பன் டெட்ராகுளோரைடு: பூஜ்யம்.

ஃபுளூரின்தான் அதிகம் இழுக்கும் என்கிறீர்கள். அப்படியானால் நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு அம்மோனியாவைவிட அதிக முனைவோடு இருக்க வேண்டுமே?

நியாயமான சந்தேகம். எலக்ட்ரானை இழுக்கும் திறனைக் கவர்திறன் என்போம்; அதற்கான பாலிங் அளவில் நைட்ரஜன் 3.04, ஹைட்ரஜன் 2.20, ஃபுளூரின் 3.98. வித்தியாசம் இரண்டிலும் ஏறக்குறைய சமம், ஆனால் திசை வேறு. எலக்ட்ரான் இழுபடும் திசையை அம்பாக வரைந்தால், அம்மோனியாவில் அம்புகள் நைட்ரஜனை நோக்கி, அதாவது தனித்த இரட்டை இருக்கும் பக்கமே போகின்றன. இரண்டும் கூடி 1.47 டெபை. மற்றதில் அம்புகள் ஃபுளூரினை நோக்கிப் போக, தனித்த இரட்டை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மிஞ்சுவது 0.23 மட்டுமே. தனித்த இரட்டைக்கும் ஓர் அம்பு போடும் பழக்கம் வந்துவிட்டால் இதில் மார்க் போகாது.

தனித்த இரட்டை இருந்தாலே முனைவுள்ளது என்று எழுதிவிடலாமா?

கூடாது. செனான் டெட்ராஃபுளூரைடில் இரண்டு இருக்கின்றன. ஒன்று மேலே, ஒன்று கீழே. நான்கு ஃபுளூரினும் சதுரத்தின் மூலைகளில். மொத்தம் பூஜ்யம்.

ஒரே தனிமத்தின் அணுக்கள் மட்டும் இருந்தால் முனைவற்றதுதானே?

இரண்டே அணு என்றால் ஆமாம். ஓசோனில் மூன்று ஆக்சிஜன், வளைந்த வடிவம், நடு அணு கொஞ்சம் நேர்மின் பக்கம்; 0.53 டெபை இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு அம்பு ஆக்சிஜன் பக்கம்தானே?

கவர்திறனை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அளந்தால் வெறும் 0.1 டெபை, எதிர்மின் முனையோ கார்பன்! அம்பு முறை சறுக்கும் இடம் இது.